தந்தையின் பெயருக்கான இடம் ஏன் வெறுமையாக விடப்படுகிறது?

பிள்ளை பிறந்து சில வாரங்களில் உம்மாவும் உம்மம்மாவும் பதிவாளரிடம் போகிறார்கள். "விவாகச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்கப்படுகிறது. இல்லை. தந்தையின் பெயருக்கான இடம் வெறுமையாகவே பதியப்படுகிறது. அதன் பாரம் பல வருடங்கள் கழித்து, பாடசாலையில் சேர்க்கும் போதுதான் தெரிய வருகிறது.

இவ்வாறு வருபவர்களில் இரு வகையினர் உள்ளனர். நாம்தான் இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம்.

முதல் வகையினர், வலியும் சாட்சிகளும் இருக்க நிகாஹ் செய்து விட்டுப் பதிவை மட்டும் கைவிட்டவர்கள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி, பதியப்படாத காரணத்தால் மட்டும் ஒரு நிகாஹ் செல்லுபடியற்றதாகி விடாது. ஆகவே அந்தப் பிள்ளை மார்க்கத்திலும் சட்டத்திலும் திருமணத்தில் பிறந்த பிள்ளையே. குறை ஆவணத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆவணத்தைத் தேடிக் கொடுக்க வேண்டிய வாப்பா வெளிநாட்டில் இருந்தாலோ, இன்னொரு குடும்பத்தோடு போயிருந்தாலோ அலைந்து திரிவது உம்மாதான். பள்ளிவாசலில் நிகாஹ்வை நடத்தி வைத்து விட்டுப் பதிவைப் பற்றிக் கேட்காமல் எழுந்து போகும் நமது பெரியவர்களுக்கும் இதில் பங்குண்டு.

இரண்டாவது வகையினர், நிகாஹ்வே இல்லாமல் பிறந்த பிள்ளையின் பெற்றோர். இங்கும் தந்தையின் பெயர் பதிய முடியாது என்பது பிழையான எண்ணம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி தாயும், தந்தை என ஏற்றுக் கொள்பவரும் கூட்டாகக் கேட்டுப் பதிவேட்டில் கையொப்பமிட்டால் அவரது பெயர் பதியப்படும். தாய் மட்டும் தனியே சென்று ஒரு ஆணின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்விக்க முடியாது. அவர் மறுத்தால் நீதிமன்றம்தான் வழி.

தாபரிப்பு வேறு விடயம். தாயும், தந்தை எனக் கூறப்படுபவரும் முஸ்லிம்களாயின், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்காகவும் காதி நீதிமன்றத்தில் தாபரிப்புக் கோரலாம். நாம் ஷரீஆ அடிப்படையிலானது என்று பெருமையுடன் சொல்லும் அதே விவாகச் சட்டத்தில்தான் இந்த ஏற்பாடு உள்ளது என்பது பலருக்கும் தெரியாது. ஒருவர் முஸ்லிம் அல்லாதவராயின் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் செல்ல வேண்டும். அங்கே தந்தை யார் என்பதை உறுதியான சான்றுகளால் நிரூபிப்பது அவசியம். கடிதங்கள், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், வட்ஸ்அப் செய்திகள் என எதையும் அழித்து விடக் கூடாது.

அப்படியானால் நஸப்? இங்குதான் பலர் தடுமாறுகின்றனர். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு, அந்தப் பிள்ளையின் நஸப் தாயோடு மட்டுமே இணையும், வாரிசுரிமையும் தாய் வழியிலேயே வரும் என்பதாகும். தாய் வேறொருவரின் மனைவியாக இல்லாதபோது தந்தை ஏற்றுக் கொண்டால் நஸப் இணையும் என்று ஹஸன் அல் பஸரி, இப்னு தைமிய்யா போன்றோர் கருதியுள்ளனர். இந்தக் கருத்து வேறுபாட்டை உலமாக்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும். ஆனால் பதிவேட்டில் இடும் கையொப்பம் ஒருவரை வாரிசாக்கும் பத்வா அல்ல. அதைப் பயந்து கையொப்பமிட மறுக்கும் வாப்பாமாருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். முஸ்லிமின் சொத்துக்கு 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி அவரவர் மத்ஹபே பொருந்தும். வாரிசாக முடியாத பிள்ளைக்கு எதையேனும் கொடுக்க மனமிருந்தால் உயிரோடு இருக்கும் போதே ஹிபா செய்யலாம், மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம்.

பிறந்து மூன்று மாதங்கள் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகி விடும், ஆவணங்களும் அலைச்சலும் கூடும். வாப்பா ஊரில் இருக்கும் போதே இருவரும் சேர்ந்து பதிவாளரிடம் போய்விடுங்கள்.