பாட்டுக்கு எதிராக ஒரு விசா

பாடியதற்காக அமெரிக்காவில் ஒருவரைச் சிறையில் தள்ளுவது எளிதல்ல. அரசியல் சட்டம் குறுக்கே நிற்கும். பாடியவர் வெளிநாட்டவர் என்றால் விசாவில் கை வைக்கலாம். 1972-இல் பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனானிடம் அதிபர் நிக்சனின் அரசு காட்டிய வழி அதுதான். டேவிட் லீஃப், ஜான் ஷைன்ஃபீல்ட் இருவரும் இயக்கி 2006-இல் வெளியான 'தி யு.எஸ். வெர்சஸ் ஜான் லெனான்' என்ற ஆவணப்படம் அந்தக் கதையைச் சொல்கிறது.

1971 டிசம்பர் 10, மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரம். இரண்டு கஞ்சா சுருட்டுக்காகப் பத்தாண்டு தண்டனை பெற்ற கவிஞர் ஜான் சின்கிளேரை விடுவிக்கக் கோரி லெனான் மேடையேறினார். சுமார் 15,000 பேர் திரண்ட அரங்கில் எஃப்.பி.ஐ.யின் ஆட்களும் உட்கார்ந்து, அவர் பாடிய வரிகளைக் குறித்துக்கொண்டார்கள். மூன்றே நாளில் சின்கிளேர் வெளியே வந்தார்.

அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். 18 வயதினர் ஓட்டுப் போடவிருந்த முதல் அதிபர் தேர்தல் அது. வியட்நாம் போரை எதிர்த்து லெனான் ஊர் ஊராகப் பாடி அந்த இளைஞர்களைத் திரட்டப்போகிறார் என்ற பேச்சு எழுந்தது. விசாவை முடித்து அனுப்பிவிடலாம் என்று பிப்ரவரியில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அரசுக்கு எழுதினார். மார்ச்சில் நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கியது. காட்டிய காரணம், 1968-இல் லண்டனில் கஞ்சா வழக்கில் அவர் கட்டிய 150 பவுண்டு அபராதம்!

வழக்கறிஞர் லியோன் வைல்ட்ஸ் விடாமல் வாதாடினார். 1975 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நாடுகடத்தல் உத்தரவை ரத்து செய்தது. மறு ஆண்டு கிரீன் கார்டும் கிடைத்தது. ஆனால் அந்தப் பாட்டுப் பயணம் நடக்கவே இல்லை. அரசு வழக்கில் தோற்றது; நினைத்ததைச் சாதித்துக்கொண்டது. எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான்.

லெனானின் மனைவி யோகோ ஓனோவின் ஒத்துழைப்போடு எடுத்த படம் என்பதால், லெனானின் குறைகளை மேலோட்டமாகவே கடந்துபோகிறது. என்றாலும் நிக்சனின் ஆள் கார்டன் லிடி, கருஞ்சிறுத்தைக் கட்சியின் பாபி சீல் என இரு தரப்பையும் பேசவிட்டிருப்பது படத்தின் பலம்.

லெனான் பற்றிய எஃப்.பி.ஐ. கோப்புகளைக் கேட்டு வரலாற்றாசிரியர் ஜான் வீனர் 1981-இல் மனுப் போட்டார். தேசப் பாதுகாப்பைச் சொல்லி அரசு பிடித்துவைத்திருந்த கடைசிப் பத்துப் பக்கங்கள், படம் வெளியாகிச் சில மாதங்கள் கழித்து 2006 டிசம்பரில்தான் அவர் கைக்கு வந்தன. லண்டன் இடதுசாரிகளோடு லெனானுக்கு இருந்த பழக்கம் பற்றிய பழைய குறிப்புகள் அவை.