கூழ் ஆலைக்குள் போகும் வழி: அன்றும் இன்றும்

பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1962-இல் ஓடத் தொடங்கியபோது அதன் ஆண்டுத் திறன் 20,000 டன். தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய காகித நிறுவனமான டி.என்.பி.எல்., கரூரை அடுத்த புகளூரில் 1984-இல் உற்பத்திக்கு வந்தபோது 90,000 டன். இன்று புகளூர் ஆலை மட்டுமே ஆண்டுக்கு 4 லட்சம் டன் காகிதம் செய்யும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. டன் கணக்கு ஏறியது எல்லோர் கண்ணிலும் படுகிறது. இத்தகைய ஆலைகளின் கூழ்ப் பிரிவுக்கு ஓர் ஆளைப் பழக்கி எடுக்கும் முறை மாறியது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. அன்று உள்ளே போன பிறகுதான் படிப்பு. இன்று படித்துவிட்டு உள்ளே போகலாம்.

பழைய வழி நீளமானது. பத்தாம் வகுப்பு தேறியவரோ ஐ.டி.ஐ. முடித்தவரோ ஹெல்ப்பராக நுழைவார். கன்வேயர் அடியில் சிந்திய சில்லுகளைக் கூட்டுவது, வாஷர் தளத்தை ஹோஸ் பிடித்துக் கழுவுவது, சொன்ன வால்வைத் திறப்பது, சொன்னபோது மூடுவது. எதற்குத் திறந்தோம் என்று கேட்டால் பதில் வரலாம்; வராமலும் போகலாம். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக்கு வந்தவருக்கும் உண்மையான ஆசான் ஷிப்ட்டின் மூத்த ஆபரேட்டர்தான். டைஜஸ்டர் பேனலுக்கு முன்னால் உட்கார இடம் கிடைக்க ஆண்டுகள் ஆகும்.

அந்த மூத்தவரின் கையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். டைஜஸ்டர் என்பது பல மாடி உயரப் பிரஷர் குக்கர். மரச் சில்லுகளோடு காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த ஒயிட் லிக்கரை நிரப்பி, ஸ்டீம் கொடுத்து, 165 டிகிரி அளவில் நிறுத்தி வேகவைப்பார்கள். குக் முடிந்து கூழ் ப்ளோ டேங்குக்குப் பாய்ந்ததும் அவர் ஒரு மக்கில் கொஞ்சம் எடுப்பார். குழாய்த் தண்ணீரில் நான்கைந்து முறை அலசிக் கருப்புச் சாற்றைப் போக்குவார். உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, கட்டைவிரலால் தேய்ப்பார். நெருடினால் வேக்காடு போதவில்லை. வழவழவென்று நழுவினால் அளவுக்கு மேல் வெந்துவிட்டது. லேபிலிருந்து வேக்காட்டின் அளவைச் சொல்லும் காப்பா நம்பர் வருவதற்குள், அடுத்த குக்குக்கு ஸ்டீமைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்திருப்பார்.

இன்று இதே பாடத்தை ஆலையின் வாசலையே பார்க்காத ஒருவர் கைப்பேசியில் படிக்கலாம். 1915-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் டாப்பி அமைப்பு, கூழ், காகிதத் தொழில்நுட்பத்துக்கான அறிமுகப் பாடங்களை இணையவழியில் நடத்துகிறது. ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கான பாடங்களை மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளம் இலவசமாகவே தருகிறது. கூழ் ஆலைக்கு மிக நெருக்கமான கெமிக்கல் பிளான்ட் அட்டெண்டன்ட் ஆபரேட்டர் பிரிவும் அதில் உண்டு.

இணையப் பாடம் முதலில் தருவது காரணம். வேகவைக்கும் நேரத்தையும் வெப்பத்தையும் ஒரே எண்ணாக்கும் ஹெச் ஃபேக்டரை 1957-இல் வ்ரூம் என்ற ஆய்வாளர் வகுத்தார். மர இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பொருள் லிக்னின். 100 டிகிரியில் அது கரையும் வேகம் 1 என்று வைத்துக்கொண்டால், 160 டிகிரியில் அது ஏறத்தாழ 400. 170 டிகிரியில் 900-க்கும் மேல். பத்து டிகிரி கூடினால் கூழ் ஏன் கெட்டுப்போகிறது என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும். காப்பா நம்பரும் அப்படித்தான். ஒரு கிராம் உலர்ந்த கூழ் எத்தனை மில்லி பெர்மாங்கனேட் கரைசலைத் தீர்க்கிறது என்பதுதான் அந்த எண். அதை 0.15-ஆல் பெருக்கினால் கூழில் மிச்சமிருக்கும் லிக்னின் சதவீதம் கிடைக்கும். காப்பா 20 என்றால் சுமார் 3 சதவீதம். மூத்தவரின் கட்டைவிரல் தேடியதும் இதே மிச்சத்தைத்தான். அவருக்கு அது வசப்படப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். ஏன் என்று கேட்ட ஹெல்ப்பருக்கு அவரால் சொல்ல முடியாமலும் போயிருக்கும். சிலர் தெரிந்தே சொல்லாமல் விட்டதும் உண்டு. சொல்லிக் கொடுத்தால் தம் இடம் போய்விடும் என்ற பயம். அந்தக் கதவை இணையம் திறந்துவிட்டது. இதை நான் சிறிய லாபமாக நினைக்கவில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் லாபம் இன்னும் பெரிது. கூழ் ஆலையின் நாற்றத்தில் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கிறது. நாற்றம் அடித்தால் விலகிக்கொள், அடிக்காவிட்டால் பயமில்லை என்று மூக்கை நம்பிய தலைமுறை ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கை கொல்லக்கூடியது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு அந்த வாயு ஏறினால் மூக்கு மரத்துவிடும். ஆபத்து முற்றும் நேரத்தில் நாற்றம் மறைந்துபோகும். இன்று இதை முதல் வாரப் பாதுகாப்புப் பாடத்திலேயே படித்துவிடலாம். சட்டையில் வாயு மானி மாட்டாமல் எந்தப் பகுதிக்குள் போகக் கூடாது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வேகவைத்த பிறகு மிஞ்சும் கருப்புச் சாற்றை, அதாவது பிளாக் லிக்கரை, எரித்து ரசாயனங்களை மீட்கும் ரெக்கவரி பாய்லரின் கதையும் இதுவே. உலையின் அடியில் 800 டிகிரிக்கு மேல் உருகிக் கிடக்கும் ரசாயனக் குழம்பான ஸ்மெல்ட்டில் தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால்தான் தண்ணீர் மிகுந்து, திடப்பொருள் 58 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிளாக் லிக்கரை உலைக்குள் விடக் கூடாது என்பது விதி. டியூப் ஓட்டையானால் முதலில் எதை நிறுத்துவது, ஆட்களை எந்தப் பக்கம் வெளியேற்றுவது என்பதை அன்று வாய்வழியாகக் கேட்டு வைத்திருப்பார்கள். செய்து பார்க்க வழியில்லை. இன்று சிமுலேட்டரில் அந்த அவசர நிறுத்தத்தைப் பல முறை பழகலாம். தப்பாகச் செய்தும் பார்க்கலாம்.

நுழைகிறவர்களும் மாறியிருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவு வேலைக்கு அனுமதிக்கவில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் கூழ்ப் பிரிவு அவர்களுக்கு மூடியே கிடந்தது. இரவு வேலையைத் தடுத்த அந்தச் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. இன்று பாடம் படிப்பதற்கு ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை.

இழந்தது எது? என் கணிப்பில், மீட்டரைச் சந்தேகப்படும் பழக்கம். திரையில் ப்ளோ டேங்க் லெவல் 60 சதவீதம் என்று அசையாமல் நின்றால், இணையவழி படித்து வந்தவர் அதை 60 என்றே எடுத்துக்கொள்வார். பழைய ஆபரேட்டர் எழுந்து போய்ப் பார்ப்பார். அசையாத எண்ணே அவருக்குச் சந்தேகம் கொடுக்கும். டிரான்ஸ்மிட்டரின் வாயில் கூழ் கட்டியிருக்கலாம். பம்ப் காற்று இழுக்கும்போது எழும் கரகரப்பு, பேரிங் சூடேறும்போது வரும் வாசனை, அதிரும் குழாயில் கை வைத்ததும் தெரியும் அடைப்பு — இவையெல்லாம் அவரோடு நடந்து நடந்து கற்றவை. எந்த வீடியோவும் கைக்கு அதிர்வைக் கொடுக்காது. கட்டுப்பாட்டு அறை குளிரூட்டப்பட்டதாகவும், ஒரே ஆள் பல திரைகளைப் பார்ப்பதாகவும் ஆன பிறகு, கூடவே நடந்து சொல்லித்தர ஷிப்ட்டில் ஆள் குறைந்துவிட்டது. இது பாடத்தின் குற்றம் அல்ல. பாடம் முடித்த சான்றிதழை வேலை தெரிந்ததற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் குற்றம். ஆறு மாதமாவது பீல்டில் நடக்காத ஒருவரைப் பேனலில் உட்கார வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மொழியும் மாறிவிட்டது. அந்த மூத்தவர் சொல்லித் தந்தது தமிழில். ஈரோட்டுப் பேச்சிலும் கரூர்ப் பேச்சிலும். இன்று டாப்பியின் பாடத்தை முழுதாகப் புரிந்துகொள்ள நல்ல ஆங்கிலம் வேண்டும். புகளூரை அடுத்த வேலாயுதம்பாளையத்திலிருந்தோ பள்ளிபாளையத்திலிருந்தோ ஐ.டி.ஐ.க்குப் போகும் பிள்ளைக்கு லிக்னின் கடினமில்லை, அந்த ஆங்கிலம் கடினம்.

டி.என்.பி.எல். தமிழ்நாடு அரசின் நிறுவனம். 2022-இல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இளைஞர்களுக்குத் தொழில்திறன் பயிற்சி தருவதற்கென்றே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கூழ்ப் பிரிவு வேலைக்குத் தமிழில் ஓர் இணையப் பாடம் செய்யலாம். ஹெச் ஃபேக்டரும் வாயு எச்சரிக்கையும் அதில் இருக்கட்டும். கூழை அலசிப் பிழிந்து பார்த்த கைகளையும், பம்ப் சத்தத்தை வைத்தே கோளாறு சொன்னவர்களின் விளக்கத்தையும் படம் பிடித்து அதிலேயே சேர்க்க வேண்டும். 1984-இல் 22 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பதிவை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.