மைசூரு வெற்றிலை

மல்லிகை, நஞ்சன்கூடு இரசவாழை, வெற்றிலை ஆகிய மூன்றும் மைசூருப் பகுதிக்குப் புவிசார் குறியீட்டைப் பெற்றுத்தந்த விளைபொருள்கள். பூவும் காயும் இன்றி வெறும் இலையாக நிற்பதால் வெற்றிலை எனப் பெயர் வந்தது என்பர். உண்மையில் அது பூக்கும் கொடியே. ஆண்கொடி, பெண்கொடி என இருவகையும் உண்டு. எனினும் மக்கள் அதனை இலைக்காகவே வளர்க்கின்றனர். மைசூரு வெற்றிலை இதய வடிவும் வழவழப்பும் காரச்சுவையும் உடையது.

முற்காலத்தில் மன்னரின் தோட்டத்திலும் நஞ்சன்கூடு சாலையை ஒட்டிய நிலங்களிலும் கொடிக்கால்கள் செழித்திருந்தன. நகரம் விரிவடைந்தபோது அவற்றுள் பல வீட்டுமனைகள் ஆயின. ஆயினும் அவ்வீடுகளின் முற்றத்திலேயே ஒரு தொட்டியில் இக்கொடியை வளர்க்க முடியும்.

வெற்றிலை மிளகின் இனத்தைச் சேர்ந்தது. மரநிழலில் படர்ந்து பழகியது. எனவேதான் உழவர்கள் முதலில் அகத்தியை நட்டு, அதன் நிழலில் கொடியை ஏற்றுகின்றனர். வீட்டில் கடும் வெயில் படாத, வெளிச்சம் மிகுந்த இடமே அதற்கு ஏற்றது. மூன்று அல்லது நான்கு கணுக்கள் உள்ள தண்டை வெட்டி, இரு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நட வேண்டும். கணுக்களில் தோன்றும் சிறுவேர்கள் பற்றி ஏறுவதற்குத் தேங்காய்நார் சுற்றிய கழியை ஊன்றலாம். வழவழப்பான இரும்புக் கம்பியை அவ்வேர்களால் பற்ற இயலாது.

இக்கொடிக்கு ஈரம் வேண்டும். ஆனால் தேங்கிய நீர் ஆகாது. நீர் தேங்கினால் வேர்கள் மூச்சற்று அழுகும். நீரில் பரவும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரியும் தண்டின் அடியைத் தாக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலைகள் வாடித் தொங்கும். அதைக் கண்டு கொடிக்குத் தாகம் என்று கருதி மேலும் நீர் ஊற்றுவோர் பலர்; கொடி விரைவில் மடிகிறது. வாடிய கொடிக்கு நீர் விடுமுன் மண்ணுள் விரலை நுழைத்துப் பார்ப்பது நல்லது. மண் ஈரமாயிருந்தும் இலை வாடினால் நோய் வேரில் இருக்கிறது எனக் கொள்ளலாம். அப்போது நோயுறாத மேல்தண்டை வெட்டி, புதிய மண்ணில் நட்டுக் கொடியைக் காக்கலாம்.

மணிபிளாண்ட் எனப்படும் அழகுக்கொடியும் பார்வைக்கு வெற்றிலையை ஒத்திருக்கும். அது வேறு குடும்பத்தைச் சார்ந்தது. அதன் இலையை மென்றால் வாயும் தொண்டையும் எரியும். கிள்ளி முகர்ந்தால் ஐயம் தீரும்: வெற்றிலையில் கார மணம் எழும், மற்றதில் அம்மணம் இராது.