கடதாசிக் கோவையிலிருந்து கணினிக்கு: ஆவணம் காக்கும் கடப்பாடு

2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னியிலிருந்து வெளியேறி வவுனியாவை வந்தடைந்த மக்களுக்கு, மன்னார் வீதியிலுள்ள நெளுக்குளத்தில் பாடசாலைக் கட்டடமும் தற்காலிகப் புகலிடமாயிற்று. அவ்வாறு வந்தோரில் பலர் உடுத்த உடையோடும், பொலித்தீன் பையில் சுற்றிய சில கடதாசிகளோடுமே வந்தனர். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு ஆகியனவே அக்கடதாசிகள். அவற்றைக்கூடக் கொண்டுவர முடியாதோர் அநேகர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் இதே இழப்பைச் சுமந்துகொண்டே புத்தளம் முதலிய இடங்களுக்குச் சென்றனர்.

அந்த இழப்பின் விளைவு இன்னும் தீரவில்லை. வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகளுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டுமென 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தது. உறுதியைத் தொலைத்தவரும் புலம்பெயர்ந்தவரும் எதைக் காட்டி உரிமை கோருவர் என்ற கேள்வி அப்போது எழுந்தது. பலத்த எதிர்ப்பின் பின்னர் அதே ஆண்டில் அவ்வறிவித்தல் மீளப்பெறப்பட்டது. எனினும், ஆவணமின்மை ஒரு குடும்பத்தின் வாழ்விடத்தையே கேள்விக்குறியாக்க வல்லது என்பதை அது மீண்டும் உணர்த்திற்று.

நிறுவனங்கள் தகவலைப் பேணும் முறையில் தொழில்நுட்பம் ஏற்படுத்திவரும் மாற்றத்தை இந்தப் பின்னணியிலேயே நாம் நோக்க வேண்டும். பழைய முறையில் ஒரு பதிவு இரண்டே இடங்களில் இருந்தது. பிரதி உரியவரின் கையிலும் மூலம் அலுவலகப் பதிவேட்டிலும் இருந்தன. வீடும் அலுவலகமும் ஒருசேர அழிந்தபோது அப்பதிவும் அழிந்தது. கணினித் தரவுத்தளம் இந்த நிலையை மாற்றியது. பதிவு ஒருமுறை உட்செலுத்தப்பட்டால், அதனைப் பல இடங்களில் வைத்திருக்கவும் எங்கிருந்தும் தேடியெடுக்கவும் முடியும். பதிவாளர் நாயகத் திணைக்களம் 1960ஆம் ஆண்டு முதலான பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளைக் கணினிமயப்படுத்தி, அவற்றின் பிரதிகளை எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறக்கூடிய வசதியை ஏற்படுத்த முனைந்தமை இதற்கு நல்ல உதாரணமாகும். முல்லைத்தீவில் பிறந்து நெளுக்குளத்தில் வாழும் ஒருவர், சொந்த ஊருக்குச் செல்லாமலே சான்றிதழைப் பெறுவது சிறிய காரியமன்று.

அடுத்த மாற்றம் 'மேகக் கணிமை' எனப்படுவது. நிறுவனமொன்று தனது தரவுகளைத் தன் கட்டடத்திலுள்ள கணினியில் வையாது, வேறிடத்திலுள்ள பெரிய கணினி நிலையத்தில் வைத்து, இணையத்தின் வழியே பயன்படுத்துவதே இதன் பொருள். செலவு குறைகின்றது, தீயோ வெள்ளமோ அலுவலகத்தைத் தாக்கினாலும் தரவு தப்புகின்றது. ஆயினும் இதனை முழுப் பாதுகாப்பென எண்ணுவது தவறு. 2023ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைத் தொகுதியை இணையத் தாக்குதலொன்று முடக்கியபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மென்பொருள் காலாவதியாகியிருந்தது. அக்காலப்பகுதிக்குரிய பிரதிகள் வலையமைப்புக்கு வெளியே தனியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. தீயில்லாமலும் ஆவணங்கள் அழியும் என்பதே இதன் பாடம்.

இதனாலேயே தரவுப் பாதுகாப்பில் எளிய விதியொன்று வலியுறுத்தப்படுகின்றது. மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றாவது வேறோர் ஊரில் இருத்தல் வேண்டும். 1981ஆம் ஆண்டு யாழ். பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த சமூகத்துக்கு இவ்விதியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருவதும் இவ்வுணர்வின் வெளிப்பாடே.

நமக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அது மொழி. கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடுகின்றது. ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் 'முகம்மது' எனவும், இன்னொன்றில் 'முஹம்மத்' எனவும், மூன்றாவதில் 'மொஹமட்' எனவும் பதியப்பட்டால் அவர் கணினிக்கு மூவராவார். தமிழ்ப் பெயர்கள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றப்படும்போதும் இதே குழப்பம் நேர்கின்றது. மேலும், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோவைகள் திரையில் தமிழாகத் தோன்றினும், கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகளே. ஒருங்குறிக்கு மாற்றாதவரை அவற்றைத் தேட முடியாது. செயற்கை நுண்ணறிவு இன்று கையெழுத்தைக்கூட வாசிக்க முற்படுகின்றது. ஆனால் பிழையாகப் பதிந்த பெயரைத் திருத்த, உரியவரை அறிந்த அலுவலரே வேண்டும்.

தகவல் ஓரிடத்தில் குவியும்போது அது தவறான கைகளுக்குச் செல்லும் அபாயமும் கூடுகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரச நிறுவனங்களிடம் தகவல் கோரும் உரிமையை நமக்குத் தந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தவும் உள்ள உரிமையை வகுத்துள்ளது. எனினும் அதன் ஏற்பாடுகளை நடைமுறைப்படுத்துவது பிற்போடப்பட்டமை விசனத்துக்குரியது.

அரசை மட்டும் குறைகூறுவதில் பயனில்லை. கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியனவும் தகவலைப் பேணும் நிறுவனங்களே. இன்று இவற்றுட் பலவற்றின் கூட்டக் குறிப்புகளும் கணக்குகளும் செயலாளரின் கைத்தொலைபேசியில், வட்ஸ்அப் குழுவில் கிடக்கின்றன. செயலாளர் மாறினால், தொலைபேசி பழுதடைந்தால், சங்கத்தின் வரலாறும் போய்விடும். சங்கத்தின் பெயரில் ஒரு கணக்கு, மாதமொருமுறை ஒரு பிரதி, திறவுச்சொல்லை அறிந்த இருவர் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. நெளுக்குளத்துக்கு அப்பால் பம்பைமடுவில், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் உண்டு. அதன் மாணவரின் கணினி அறிவை இச்சங்கங்கள் நாடினால் இருதரப்பும் பயன்பெறும்.

பொலித்தீன் பையில் ஆவணத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிய தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கின்றது. அடுத்த தலைமுறை அவ்வாறு ஓட நேரினும் அதன் உரிமை ஆவணத்தோடு தொலையாதிருக்க வழிசெய்வது, அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரிய கடப்பாடாகும்.