ஒத்திகை பாராமல் அரங்கேறிய கணனி

தோர்ண்டன் ஹீத்தில் வாழும் எம்மவர் வீடுகளில், நள்ளிரவில் முதியவர் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கை முதலில் நாடுவது 999 என்ற இலக்கத்தையே. 2010 வரை மேடே எனப் பெயர் கொண்டிருந்த குரொய்டன் பல்கலைக்கழக வைத்தியசாலை அருகிலேயே உள்ளது. எனினும் அம்புலன்ஸ் வண்டியை அனுப்பும் பணியில் கணனிக்குப் பெரும் பங்குண்டு. அக்கணனி தடுமாறினால் என்ன நேரும் என்பதை இம்மாநகர் 1992இல் கண்டது.

அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி, ஏறத்தாழ 600 சதுர மைல் பரப்புக்குப் பொறுப்பான லண்டன் அம்புலன்ஸ் சேவை, கடதாசிப் பதிவுகளைக் கைவிட்டுப் புதிய கணனி முறைமைக்கு மாறியது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது என்பது எப்போதும் பிழையின்றித் தெரியும் என்ற எடுகோளிலேயே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. நடைமுறையோ வேறு. வண்டிகளின் இருப்பிடங்கள் தவறாகப் பதிவாகின. ஒரே இடத்துக்கு இரு வண்டிகள் சென்றதும் உண்டு. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன, கணனி மந்தமாகியது, காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைத்தனர், சுமை மேலும் ஏறியது. மறுநாள் பிற்பகல் பழைய முறைக்கு ஓரளவு திரும்ப நேர்ந்தது. நவம்பர் 4ஆம் திகதி அதிகாலை, விடுவிக்கப்படாத நினைவகம் சிறிது சிறிதாக நிரம்பியதால் முறைமை முற்றாக நின்றது. மாற்றுக் கணனியும் கைகொடுக்கவில்லை.

போதிய சோதனையின்றியே முறைமை முழுமையாக நடைமுறைக்கு வந்தது என 1993 பெப்ரவரியில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. முதலிரு நாட்களிலும் கணனி பழுதடையவில்லை, வடிவமைத்தவாறே இயங்கியது. பிழை வடிவமைப்பிலேயே இருந்தது.

அரங்கேற்றத்துக்கு முன் ஒத்திகை பாராத நடன ஆசிரியர் எம்மிடையே இல்லை. உடனுக்குடன் இயங்க வேண்டிய கணனிக்கும் அதுவே விதி. அங்கு தாமதமாக வரும் சரியான விடையும் பிழையான விடையே. கணனிக்குள் ஒரு போலி நகரை அமைத்து, ஆயிரக்கணக்கான போலி அழைப்புகளை அனுப்பி, வண்டிகளின் இருப்பிடத்தை வேண்டுமென்றே பிழையாக்கிப் பார்த்தால், வரிசை எங்கே தேங்குகிறது என்பது தெரிந்துவிடும். மென்பொருளை எழுதுமுன்னரே, அதன் அமைப்பு வரைபடத்தைக் கொண்டு இதனைச் செய்யலாம்.

1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பாவின் அரியான் 5 ஏவுகணை, புறப்பட்டுச் சுமார் 40 விநாடிகளில் சிதறியது. அரியான் 4இன் மென்பொருளை, புதிய பறப்புப் பாதையைப் பாவித்து ஒத்திகை பார்க்காது விட்டமை அங்கும் வெளிப்பட்டது.

கணனித்துறையில் கால்பதித்துள்ள எமது இளையோர் இதனை நெஞ்சில் இருத்த வேண்டும். தெரியாத மொழியில் தடுமாறியபடி உதவி கோரும் ஒரு தாய்க்கு, மறுமுனையில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலையாகும்.