உங்களுக்குத் தெரியுமா? மருத்துவமனை பில்லால் வாடகை வீடும் கைநழுவலாம்

அமெரிக்காவில் வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தால், வீட்டுக்காரர் பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனத்திடம் உங்களைப் பற்றி அறிக்கை வாங்குவார். கடன் வரலாறு, நீதிமன்ற வழக்குகள் எல்லாம் அதில் வரும். கட்ட முடியாமல் வசூல் நிறுவனத்தின் கைக்குப் போன மருத்துவமனை பில்லும் வரலாம். மாதாமாதம் வாடகையைத் தவறாமல் கட்டியவருக்கும் அந்த ஒரு வரியால் கடன் மதிப்பெண் இறங்கலாம். வீடு கிடைக்காமல் போகலாம், அல்லது அட்வான்ஸ் கூடலாம். நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் ஏறுகிறவர் கட்டணம் விசாரித்துவிட்டா ஏறுகிறார்? அந்த பில்லை வைத்து அவர் வாடகை தருவாரா என்று கணிப்பது அநியாயம்.

கொஞ்சம் விடிவு வந்திருக்கிறது. ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களும் கட்டி முடித்த மருத்துவக் கடன்களை 2022 ஜூலையிலும், 500 டாலருக்குக் குறைவானவற்றை 2023 ஏப்ரலிலும் தங்கள் அறிக்கைகளிலிருந்து நீக்கின. கட்டாத பாக்கியும் ஓராண்டு கழித்தே ஏறும். கடன் கொடுப்போருக்குத் தரும் அறிக்கைகளில் மருத்துவக் கடன் எதுவுமே இடம்பெறக் கூடாது என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு அமைப்பு இறுதி செய்த விதியை, அதே ஆண்டு ஜூலையில் டெக்ஸாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டிருக்கின்றன.

அறிக்கையைக் காரணமாக வைத்து வீடு மறுத்தால், அதை வீட்டுக்காரர் தெரிவித்தே ஆக வேண்டும். எந்த நிறுவனம் அறிக்கை தந்தது என்றும் சொல்ல வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அறிக்கையின் பிரதி இலவசம். தவறு இருந்தால் ஆட்சேபிக்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் அந்த நிறுவனம் விசாரித்தாக வேண்டும்.