கண்புரைச் சிகிச்சை: முன்னும் பின்னும்

பாவில் ஓர் இழை அறுந்தால் அதைக் கண்டு முடிச்சிடக் கண் வேண்டும். பயிரில் பூச்சி விழுந்ததைத் தொடக்கத்திலேயே அறியவும் கண் வேண்டும். நெசவாளருக்கும் விவசாயிக்கும் கண்ணே முதற் கருவி. முதுமையில் அதனை மறைக்கும் புரையைப் பற்றியும், ஆஸ்பத்திரியில் அதற்குச் செய்யப்படும் சிகிச்சையைப் பற்றியும் அங்கத்தினர்கள் அறிய வேண்டியவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை தெளிவிழந்து மங்குவதே புரை. சொட்டு மருந்தாலோ பத்தியத்தாலோ அது கரையாது. அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. ‘நன்றாக முற்றட்டும்’ என்று காத்திருப்பது பழைய வழக்கம். இப்பொழுது அது வேண்டுவதில்லை. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும்போதே சிகிச்சை பெறலாம். அளவு மீறி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை அடியோடு போய்விடவும் கூடும்.

புரையை அகற்றியபின் தடித்த கண்ணாடி அணிந்த காலம் ஒன்றிருந்தது. 1949-இல் லண்டனில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியால், 1992 முதல் அவ்வில்லை மதுரையிலேயே குறைந்த செலவில் தயாராகி வருகிறது. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சையை இலவசமாகப் பெறலாம்.

சிகிச்சைக்கு முன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கப்படும். பொருத்தவேண்டிய வில்லையின் சக்தியை அறியக் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் டாக்டரிடம் கூறுதல் அவசியம். முக்கியமாக, சிறுநீர்த் தடைக்கான மாத்திரையையும், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையையும் மறைக்கலாகாது. தாமாக நிறுத்தவும் கூடாது. தறியில் அமர்ந்து செய்யும் தொழில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுவாகத் தூரப் பார்வைக்கென்றே வில்லை பொருத்தப்படுவதால், இழை பார்க்கவும் எழுத்துப் படிக்கவும் பின்னர்க் கண்ணாடி தேவைப்படலாம். இதனை முன்பே அறிந்தவர் பிறகு ஏமாற்றம் அடையார்.

கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து சிகிச்சை நடைபெறும். பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். துணைக்கு ஒருவர் செல்வது நலம்.

வீடு வந்தபின் காட்டவேண்டிய கவனமே பெரிது. சொட்டு மருந்தைக் கை கழுவிய பின்னரே இடவேண்டும். சொன்ன நாள் வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம், விடாது இடவேண்டும். கண்ணைக் கசக்குதல், தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் நீர் படவிடுதல், மூட்டை தூக்குதல், களத்துத் தூசியிலும் பஞ்சுத் தூசியிலும் நிற்றல் ஆகியவற்றை டாக்டர் அனுமதிக்கும் வரை விலக்க வேண்டும். முதல் சில நாட்களில் சிறு உறுத்தலும் நீர்வடிதலும் இயல்பே. ஆனால் வலி மிகுந்தாலும், கண் மேலும் சிவந்தாலும், தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். உள்ளே சீழ் வைத்தால் ஒருநாள் தாமதமும் கண்ணைப் போக்கிவிடும்.

சில வார வேலை தடைப்படும் என்றஞ்சியே பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். அவ்வாரங்களில் ஒருவர் தறியை மற்றவர் கவனிப்பதும், ஒருவர் வயலுக்கு மற்றவர் நீர் பாய்ச்சுவதும் கூட்டுறவின் இயல்பான கடமை. அங்கத்தினர்கள் இதனை மனத்திற் கொள்வார்களென நம்புகிறோம்.